ஐம்பத்திரண்டு கிலோ மணல்

ஜிம்மில் சேர்வதா, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வதா என்று கண்ணாடிக்காரர் வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. பேசியவள் மகள். கேட்டுக்கொண்டிருந்தவள் மனைவி. கண்ணாடிக்காரர் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாளும் அதே வாஷரை.

"வெளிய வாங்கப்பா. குழாய் எங்கயும் ஓடிப்போகாது" என்றாள் மகள்.

வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க கையில பலம் இல்லாமத்தான் அம்மா விழுந்தாங்க. நீங்களே சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப பலம் ஏத்துங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறமும் உங்களால தூக்க முடியலைன்னா, அம்மாவ முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். இடம் சொல்லி வச்சுட்டேன்."

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி இருமினாள். "நான் இங்கதான் இருக்கேன். என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்."

"கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்மா."

"அதையாவது கேளு. அவர் வீட்லயே பண்ணட்டும். நான் எண்ணுறேன். எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"

"ஜிம்ல கத்துக்குடுக்க ஆள் இருக்கு. இங்க எண்ணத்தான் ஆள் இருக்கு" என்றாள் மகள். அத்துடன் பேச்சு முடிந்தது. மறுநாளே ஜிம்முக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து மனைவியின் இடது பக்கம் விழுந்துவிட்டது. அந்த மாதமே அவர் கண்ணாடிக் கடை வேலையை விட்டார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தூக்குவார். போன மாதம் குளியலறை வாசலில் அவள் அவர் கையிலிருந்து விழுந்தாள். இடுப்பு தப்பியது. நன்றாயிருந்த ஒரே கையின் மணிக்கட்டில் விரிசல்.

பலம் இல்லை என்று அவர் சொன்னது பொய்.

முப்பத்தைந்து வருடம் கண்ணாடி ஷீட் தூக்கியவர் அவர். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்ன முதல் வார்த்தை, நழுவுகிற கண்ணாடியைப் பிடிக்காதே என்பதுதான். கையை விரி. ஓரடி பின்னால் போ. போகிற கண்ணாடி போகட்டும். பிடிக்கப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். கூடவே ஷீட் தூக்கிய ஒருவன் ஒரு முறை பிடித்தான். அன்றிலிருந்து அவனுக்கு எட்டு விரல். இவர் கையில் நான்கு முறை நழுவியிருக்கிறது. நான்கு முறையும் மூளைக்குச் செய்தி போய்ச் சேருமுன் கை விரிந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் மேசைமேல் பத்து விரலையும் பரப்பிக் காட்டுவார். அந்த ஒரு பெருமைதான் அவருக்கு இருந்தது.

குளியலறை வாசலில் அவருடைய குதிகால் ஈரத்தில் வழுக்கியது. கைகளில் கிடந்த மனைவி நாலு விரற்கடை கீழே இறங்கினாள். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூட இறுக்கிப் பிடித்திருக்கும். அவர் கை விரிந்தது. ஓரடி பின்னால் போனார், ஒழுங்காக, கால் பிசகாமல். நினைவு வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். இவர் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி விரித்தபடி நின்றிருந்தார். அவள் கீழேயிருந்து பார்த்தாள். தன் முகத்தைப் பார்த்தாளா, கையைப் பார்த்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஜிம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மூலையில் இருந்ததை இடைவெளி விடாமல் பொருத்தியிருந்தார்கள். வெயிலில் விரிந்து என்றாவது வெடிக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியாளனுக்கு மகளைவிட வயது குறைவு. அங்கிள், அங்கிள் என்று சுற்றிச் சுற்றி வந்தான். பத்து நாளில் கம்பியில் எடை ஏறிக்கொண்டே போனது. பலம் அவரிடம் இருந்தது. எப்போதும் இருந்தது.

பதினோராவது நாள் மார்புவரை தூக்கிய கம்பி வியர்வையில் நழுவியது. கை விரிந்தது. ஓரடி பின்னால் போனார். கம்பி ரப்பர் தரையில் விழுந்து குதித்தது.

பயிற்சியாளன் ஓடி வந்தான். "அடிபட்டுச்சா அங்கிள்?"

"இல்ல."

அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "பாத்துக்கோங்க, இப்படித்தான் விடணும். இதை உங்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு." பிறகு இவரிடம், "யாரு அங்கிள் கத்துக்குடுத்தது?"

"பழைய வேலை."

"நல்ல வேலை."

கண்ணாடிக்காரர் துண்டால் உள்ளங்கையைத் துடைத்தார். "விழறதைப் பிடிக்கிறதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா தம்பி?"

"பிடிச்சா முதுகு போயிடும். அப்படி யாராவது பண்ணா அன்னிக்கே வெளிய அனுப்பிடுவேன்" என்று அவன் சிரித்தான்.

அதன்பின் அவர் அங்கே போகவில்லை.

கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து மணல் கேட்டு வாங்கி வந்தார். மனைவியின் எடை ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ. சாக்குக்குள் சாக்கு வைத்து, மணலை நிறுத்துப் போட்டு, வாயைத் தைத்தார். ஹாலில் பழைய மெத்தையை விரித்தார். உள்ளறைக் கதவைச் சாத்தினார். மூட்டையை மார்புவரை தூக்க வேண்டும். பிடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நழுவும்போது இறுக்க வேண்டும். இதுதான் பயிற்சி.

தொப்.

"என்னங்க அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உடற்பயிற்சி. வீடே போதும்னு தோணுச்சு."

"கீழ போடுறதெல்லாம் பயிற்சியில உண்டா?"

"உண்டு."

முதல் நாள் மாலை அவர் தேநீர் கொடுக்கும்போது அவள், "பத்தொம்பது" என்றாள். மறுநாள் "இருபத்தி நாலு" என்றாள். என்ன கணக்கு என்று அவர் கேட்கவில்லை. மெத்தை நடுவில் குழிந்துபோனது. சில நேரம் கை ஒரு கணம் தயங்குவதுபோல் இருக்கும். உடனே அடுத்த முறை தூக்குவார். தொப்.

அந்த நாட்களில் மனைவியைத் தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். அவள் தோளில் விரல் தடம் கன்றிப்போனது. குளிப்பாட்டும்போது அந்தத் தடத்தை அவரே சோப்புப் போட்டுக் கழுவினார்.

மகள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள். காலைப் பலகாரம் முடிந்து நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கினார். அவள் வலது கை, கட்டோடு, அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது. கட்டிலருகே வந்ததும் அவள் தலையைத் திருப்பிக் கீழே ஒரு முறை பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்து கையை எடுத்தாள். உடம்பைத் தொளதொளவென்று விட்டாள்.

நாலு விரற்கடை நழுவினாள்.

அவர் கை விரிந்தது. ஓரடி பின்னால் போனார்.

கட்டில் கிறீச்சிட்டது. தலையணை கீழே விழுந்தது. அவள் மல்லாந்து கிடந்து அவரைப் பார்த்தாள். அவர் கைகள் உடம்பிலிருந்து தள்ளி விரிந்தபடியே இருந்தன.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னீங்க" என்றாள்.

அவர் கையைக் கீழே போட்டார். வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏன் இப்படிப் பண்ணினே? அடிபட்டிருந்தா?"

"கட்டிலுக்கு நேரா வந்தாச்சான்னு பாத்துட்டுத்தான் விட்டேன்."

"என் கை விரியும்னு தெரிஞ்சே இவ்வளவு நாள் தூக்க விட்டியா?"

"மூட்டைச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சே. ஒரு தடவையாவது சத்தம் வராம இருக்காதான்னு எண்ணிட்டிருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நேத்து முப்பத்தி ஒண்ணு."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். ஐந்தாறு உதைக்குப் பிறகு அது கிளம்பிப் போனது.

"அவகிட்ட என்ன சொல்றது?" என்றார்.

"பலம் பத்தலைன்னே சொல்லுங்க. அதுல யாருக்கும் குத்தமில்ல." சற்று நேரம் கூரையைப் பார்த்தாள். "பெட்டியை எடுங்க. ஸ்வெட்டரை மேல வைங்க, அங்க குளிருமோ என்னமோ. முதல்ல அந்தத் தலையணையை எடுத்துக் குடுங்க."

தலையணையை எடுத்துத் தட்டி அவள் தலைக்கடியில் வைத்தார். அவள் நல்ல கையால் அவர் விரல்களைத் தொட்டாள். ஒவ்வொன்றாக, எண்ணுவதுபோல. பிறகு விட்டுவிட்டாள்.

மகளுக்குப் போன் செய்தார். பலம் பத்தவில்லை என்றார். அவள், "வருத்தப்படாதீங்கப்பா, வயசாயிடுச்சுல்ல" என்றாள்.

ஹாலுக்கு வந்தார். மெத்தையும் மூட்டையும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. நாளைக்குச் சக்கர நாற்காலி போக வேண்டும். மெத்தையைச் சுருட்டிச் சுவரோடு சாய்த்தார். மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிப் பின்கதவுவரை நடந்தார். மூச்சு வாங்கவில்லை. மூட்டை நழுவவும் இல்லை.