சலவைக்குப் போன பாராசூட் ஜாக்கெட்

வெண்டல் ஹாக்கென்ஸ்மித் பதினோரு வருடமாக இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டிருக்கிற மனிதர். கென்டக்கியில், அவர் ஊர்க் கண்காட்சிக் கொட்டகையில், மார்ச் மாதம் தவறாமல் பழைய ராணுவச் சாமான் சேகரிப்பவர்கள் கூடுவார்கள். முதல் பரிசான நீல ரிப்பன் மட்டும் ஆர்வில் ஸ்டம்போவின் மேசைக்கே போகும். இந்தத் தடவை விடுவதாக இல்லை. 1944-ல் பாராசூட்டில் குதித்த ஒருவனின் ஜாக்கெட் வெண்டலிடம் சிக்கியிருந்தது. சேறு, எண்ணெய்க் கறை, நாற்றம், எல்லாம் அசல்.

கண்காட்சியன்று காலையில் பெட்டியைத் திறந்தார். லாவெண்டர் வாசனை குப்பென்று அடித்தது.

"டார்லீன்! இதை என்ன பண்ணித் தொலைச்ச?"

"துவைச்சேன். செத்த எலி மாதிரி நாறுச்சு. நாலு பேர் பாக்குற எடத்துக்கு அப்படியேவா கொண்டு போவாங்க? இஸ்திரியும் போட்டாச்சு" என்றாள் அவர் மனைவி, பெருமையாக.

வெண்டல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயம் இதுதான்: இந்தக் கூட்டத்தில் எவனும் எவனையும் நம்ப மாட்டான். புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பான். பழைய துணி இருட்டாகவே இருக்கும். நேற்றுத் தைத்த போலி பளிச்சென்று மின்னும். இந்தக் காலத்துச் சலவைத் திரவம் பட்டாலும் மின்னும். போலியை வாங்கி ஏமாந்தவனையாவது மன்னிப்பார்கள். அசலைத் துவைத்தவர்களுக்கு மன்னிப்பே கிடையாது. ஒஹாயோவில் யாரோ ஒருத்தி கணவனின் பழைய கால்சட்டையைத் துவைத்ததை இருபது வருடமாகப் பேய்க்கதை போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் மேசைக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. போனார்கள். டார்லீனும் தான் சுட்ட பெர்ரிப் பழக் கேக்குடன் பக்கத்தில் நின்றாள்.

ஆர்வில் வந்தான். டார்ச்சை அழுத்தினான். ஜாக்கெட் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி ஜொலித்தது.

"எல்லாரும் இங்க வாங்கடா! நம்ம வெண்டல் தலையில எவனோ நல்லா மொளகா அரைச்சிருக்கான்!"

நாற்பது பேர் கூடிவிட்டார்கள். 'இவள் துவைத்தாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜாக்கெட்டின் மானம் தப்பிவிடும். வெண்டல் மனைவியைப் பார்த்தார். கேக் வெட்டும் கத்தியோடு வெள்ளந்தியாக நின்றாள். அவருக்கு அந்த ஒஹாயோப் பேய்க்கதை நினைவுக்கு வந்தது.

"ஆமாப்பா" என்றார். "போலிதான். ஏமாந்துட்டேன்."

"எது போலி?" டார்லீனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வாயைக் கழுவு ஆர்வில்! என் கையால மெஷின்ல போட்டு, சுடுதண்ணியில ரெண்டு வாட்டி அலசி எடுத்திருக்கேன்!"

இழவு வீட்டுக்கு வந்தவர் போல ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஆர்வில் முகம் மெதுவாக வெளுத்தது.

"என் பொண்டாட்டி மைராவும் இன்னைக்கு வீட்டைச் சுத்தம் பண்றேன்னு சொன்னாளே" என்று முனகினான்.

தகரக் கூரைக்கடியில் போனில் சிக்னல் கிடைக்காது. அவன் வாசலைப் பார்த்து ஓடினான். அடுத்த நொடி அத்தனை பேரும் பின்னாலேயே ஓடினார்கள். கார் நிறுத்துமிடத்தில் நாற்பது குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின: "மெஷினைத் தொடாத! அந்த மூட்டை பக்கமே போகாத!"

நடுவர் கிளீட்டஸ் பட்டியலோடு வந்தார். ஆளில்லாத மேசைகளின் பெயர்களை அதில் வரிசையாக அடித்துவிட்டுக்கொண்டே நடந்தார். "தீர்ப்பு நேரத்துல ஆள் இல்லாத மேசைக்குப் பரிசு கெடையாது. சங்கத்து விதி" என்று நீல ரிப்பனை வெண்டல் கையில் திணித்துவிட்டுப் போனார்.

டார்லீன் வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா போலின்னு சொன்ன? ஜெயிக்கணும்னு எவ்வளவு தவிச்ச?"

"உன்னைக் காட்டிக்குடுக்க மனசு வரல."

அவள் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

"நீ ஒண்ணும் கவலைப்படாத" என்றாள் அன்பு பொங்க. "மாடியறையில நீ சேத்து வெச்சிருக்குற மிச்ச அம்பத்திமூணு பழைய சட்டையையும் இந்த வாரமே துவைச்சுக் குடுத்துடறேன்."