அண்ணன் சுற்றிய டேப்

அவளுடைய அண்ணனுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் சர்வரோக நிவாரணி. மிக்ஸி, தையல் மிஷின், கதவுத் தாழ்ப்பாள், எதுவானாலும் தன் கை படாமல் விடமாட்டார். வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒருமுறை ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார் என்பதற்காக மாதக்கணக்கில் தங்கையோடு பேசவில்லை. அவளுக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

அதனால்தான் அடுப்படியில் கேஸ் குழாயின் இணைப்பை அவர் பிரித்து மாட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தாள். இன்று காலை அங்கே குப்பென்று கேஸ் நாற்றம். ஸ்விட்ச் எதையும் தொடாமல் வால்வை மூடினாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துதான் லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டாள். அண்ணன் காதுக்கு மட்டும் எட்டக்கூடாதே என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

தெய்வங்களுக்கு இன்று வேறு வேலை போலிருக்கிறது. நாற்றம் அடங்கியபின் மெக்கானிக் அம்மாள் வால்வை லேசாகத் திறந்து குழாயில் சோப்பு நுரை தடவும் நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்றார். இணைப்பில் நுரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

“தண்ணிக் குழாய்க்குச் சுத்துற டேப்பு இது. எந்தப் புண்ணியவான் பண்ண வேலை?” என்று கேட்டார் மெக்கானிக் அம்மாள்.

தங்கை முந்திக்கொண்டாள். “நான்தாங்க.”

“கசியுதான்னு எப்படிப் பாத்தீங்க?”

அவளுக்கென்ன தெரியும்?

“தீக்குச்சி கொளுத்திக் காட்டித்தான். பத்தவே இல்லியே!” என்று பின்னாலிருந்து அண்ணன் வாயைக் கொடுத்தார்.

மெக்கானிக் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னிக்குப் பத்தல, உங்க நல்ல நேரம். இந்த டேப்பு போகப்போகத்தான் விட்டுக்குடுக்கும்.”

அண்ணன் முகம் பேயறைந்தது போலாயிற்று. விருட்டென்று வெளியேறினார். போச்சு, இனி இந்த ஜென்மத்தில் பேசமாட்டார் என்று தங்கை பதறிப் பின்னால் ஓடினாள்.

தெருவில் அவர் போனில் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார். “அடுப்பு பக்கம் போகாத! லைட்டு கிட்டு எதையும் போடாத. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வா. அட, அப்புறம் சொல்றேன், மொதல்ல வெளிய வாடி!”

போனை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

“எங்க வீட்லயும் நான்தான் சுத்துனேன்” என்றார். “அந்தம்மாவ அங்கயும் வரச் சொல்லும்மா. நீ சொன்னா வருவாங்க.”