மூச்சிழுத்த மாவு வேன்

விசாலாட்சியின் மாவு வேன் புகை விடுவதை நிறுத்திவிட்டுப் புகையை இழுக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வெந்தயம் விலை ஏறிய வாரம் அது. மாவரைப்பவர்களுக்கு வெந்தய விலையை விடப் பெரிய செய்தி உலகத்தில் இல்லாததால், வேன் சமாச்சாரம் வெளியே பரவுவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

விசாலாட்சி குடியிருப்பது செங்காங்கில். ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் ஓர் அறை பிடித்து இட்லி மாவு அரைத்து, வாளி வாளியாக வேனில் ஏற்றி சிராங்கூன் சாலைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். வேனுக்கு வயதாகிவிட்டது. சிங்கப்பூரில் வண்டி உரிமத்துக்குக் கெடு உண்டு, அதனால் எந்த வண்டிக்கும் சாவு எப்போது என்று முன்கூட்டியே தெரியும். இதற்கு இன்னும் சில வருடங்கள் மிச்சம் இருந்தன. அதற்குள் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, வேன் போகும் வழியெல்லாம் தூங்கும் குழந்தைகளை எழுப்பிக்கொண்டு போனது. அதே கட்டடத்தில் பட்டறை வைத்திருக்கும் கபிலன், ஆயுள் முடியப்போகிற வண்டிக்குப் புதுச் சாமான் எதற்கு என்று ஜூரோங் பக்கம் பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுகளில் அலைந்து, ஒரு வேனிலிருந்து சைலன்சரும் இன்னொன்றிலிருந்து வால் குழாயும் கழற்றி வந்தான். கழற்றும்போதே, புகை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சைலன்சர் மேல் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போடுவது அவன் வழக்கம். இரண்டு முனையும் ஒரே அளவாக இருக்கும் சாமானுக்கு அந்த அம்புக்குறிதான் முகவரி.

விசாலாட்சிக்கோ வேறு கவலை. செத்த வண்டியின் உறுப்பு, அது என்ன வண்டியோ, எதை ஏற்றியதோ. "தம்பி, இது பொணம் ஏத்துற வண்டியோடதா இருந்தா? நான் சாப்பாட்டுச் சாமான் ஏத்துறவ," என்றாள். "ரொட்டி வேன்கா, நம்புங்க லா," என்று சொல்லிவிட்டு அவன் தேநீர் வாங்கப் போனான். அவன் திரும்புவதற்குள் அவள் சைலன்சரை மஞ்சள் தண்ணீரில் தேய்த்துக் குளிப்பாட்டி, கைக்கு எட்டிய முனையில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். தீட்டோடு சேர்ந்து அம்புக்குறியும் போய்விட்டது. கபிலன் வந்து பார்த்தான். பொட்டு நெற்றியில்தானே வைப்பார்கள், ஆகவே இதுதான் முன்பக்கம் என்று முடிவுகட்டி, கேஸ்கெட் வைத்து, ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, பற்றவைத்து முடித்தான். கசிவு பார்ப்பதற்காக எஞ்சினைப் போட்டுவிட்டு வால் குழாயை ஒரு துணியால் அடைத்தான். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். துணி உள்ளே போய்விட்டது. கபிலன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

அதன் பிறகு வேன் போன இடமெல்லாம் தெரு தெளிந்தது. சாம்பிராணிக் கடைக்கு முன்னால் நின்றால் சாம்பிராணிப் புகை நூலாகத் திரண்டு வந்து குழாய்க்குள் போகும். ஏழாம் மாதத்தில் சீனர்கள் செத்துப்போன முன்னோர்களுக்காகக் காகிதம் கொளுத்தும்போது சாம்பல் மட்டும் நின்றுவிட்டுப் புகை வேனைத் தேடி வரும். புரோட்டாக் கடைக்காரர்கள் மாவு இறக்கிய பிறகும் அவளை விடுவதில்லை. ஒரு தே குடிச்சிட்டுப் போங்கக்கா என்று அடுப்படிப் பக்கமாக வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். மனிதர்கள் காரியவாதிகள், வேறென்ன சொல்ல. அரசாங்கத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் ஆராய்ச்சி என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

இதனால் பிழைத்தவர் ரெங்கசாமி. விசாலாட்சியின் கணவர். ஜூரோங் கப்பல் பட்டறையில் வாலிபம் முழுக்கத் துரு சுரண்டி, மணல் அடித்து, பெயிண்ட் தெளித்தவர். அந்தக் கப்பல்கள் பளபளவென்று உலகம் சுற்றப் போயின. தூசி மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. பேச்சைத் துண்டு துண்டாகத்தான் பேசுவார். படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே உறங்குவார். அக்கரையில் காடு எரிந்து, கடல் கடந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் விசாலாட்சி ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகிவிட்டு, அவர் முதுகைத் தடவிக்கொண்டே விடியும்வரை கிடப்பாள். அந்த வருடம் புகைமூட்டம் வந்தபோது வேனை இரண்டாம் மாடியில் இருக்கும் தங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, வால் பக்கம் வீட்டைப் பார்க்க நிறுத்தினாள். நிற்கிற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் அபராதம். வேனுக்கும் சட்டம் தெரிந்திருந்ததோ என்னவோ, எஞ்சின் அணைந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் மஞ்சளாக மங்கிக் கிடக்க, அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் மேல் மட்டும் வானம் நீலமாக இருந்தது. ரெங்கசாமி படுத்து உறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்த விசாலாட்சிக்கு அந்த வேனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருந்தது.

வருடாந்தரச் சோதனை வந்தது. சோதனை நிலையத்தில் யும்னா என்ற பெண், தமிழ் முஸ்லிம், வால் குழாய்க்குள் கருவியை நுழைத்தாள். முள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி நின்றது. அந்தக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக முகக்கவசத்தைக் கழற்றினார்கள். அவளும் கழற்றினாள். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, சைலன்சரைத் தலைகீழா மாட்டியிருக்காங்க. திருப்பி மாட்டிட்டு மாசம் முடியறதுக்குள்ள வாங்க. இல்லாட்டி ரோட் டேக்ஸ் போட முடியாது, வண்டி ஸ்கிராப்புக்குத்தான் போகும்," என்றாள். அவளுக்கும் வருத்தம்தான், அது முகத்தில் தெரிந்தது. ஆனால் தன் வேலையில் இம்மி பிசகாத பெண் அவள். விசாலாட்சி அதையும் மதித்தாள்.

கபிலன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். திருப்பி மாட்டுவது அரை மணி வேலை. ஆனால் ஒரு வருடமாக வேன் விழுங்கிய அத்தனை புகையும் உள்ளே இருக்கிறதே, திருப்பினால் எல்லாம் வெளியே கொட்டிவிடுமே என்றான். திருப்பாவிட்டால் வேன் போகும். ரெங்கசாமியின் உறக்கமும் அதோடு போகும். திருப்பினாலோ, கொட்டுகிற புகையில் முதலில் போகிறவர் அவர்தான். விசாலாட்சி அன்று மாவுக்கு உப்புப் போட மறந்து, கடைக்கடையாக மன்னிப்புக் கேட்டாள். வேனை ஸ்கிராப்புக்கே அனுப்பிவிடலாம், இருக்கிற உயிராவது இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னபோது ரெங்கசாமி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இழுத்து... வச்சுக்கிட்டே... இருக்க முடியாது விசாலம். விட்டுத்தான்... ஆகணும். இதுல... எனக்கு அனுபவம்... உண்டு."

"நீங்க வீட்டுல இருங்க. நான் போய்ட்டு வர்றேன்."

"நானும்... வர்றேன்."

பிடிவாதத்தில் அவரை வெல்ல அவளால் என்றைக்குமே முடிந்ததில்லை. மறுநாள் பட்டறையில் அக்கம்பக்கத்துக் கடைகள் எல்லாம் கதவை இறக்கிக்கொண்டன. கபிலன் போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு இளக்கி, சைலன்சரைக் கழற்றித் திருப்பி மாட்டி, பற்றவைத்தான். கழற்றும்போது அதைத் தூக்கிப் பார்த்தான். முன்பு இருந்த கனம்தான். அதனால் அவன் பயம் குறையவில்லை. சாவியைத் திருப்புவது யார் என்ற பேச்சு வந்தபோது, ரெங்கசாமி ஏற்கெனவே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டிருந்தார். இறங்கச் சொல்லிக் கபிலன் கெஞ்சினான். விசாலாட்சி மறுபக்கம் ஏறி அவர் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியைத் திருப்பினாள். அந்தத் தொழிற்பேட்டையில் அவர்கள் இருவரையும் போல நெஞ்சழுத்தம் உள்ளவர்களை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

வால் குழாயிலிருந்து காற்று வந்தது. வெறும் காற்று. மழை பெய்து ஓய்ந்த பிறகு வருமே, அந்தக் குளிர்ச்சியோடு, எந்த வாசனையும் இல்லாமல் வந்தது. ஊதுவத்தி, சாத்தே இறைச்சி சுடும் அடுப்பு, எரிந்த காகிதம், அக்கரைக் காட்டுத் தீ, இவ்வளவையும் தின்ற வண்டி அவற்றை என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. கபிலன் கண்ணைத் திறந்தபோது பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தாள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. யும்னா மறுபடி கருவியை நுழைத்தபோது முள் சரியாகப் பூஜ்யத்தில் நின்றது, காற்றில் அவள் தலைத்துணி பறந்தது, வண்டி தேறிவிட்டது.

அடுத்த வருடப் புகைமூட்டத்தின்போதும் வேன் அதே இடத்தில், வால் பக்கம் வீட்டைப் பார்க்கத்தான் நின்றது. இப்போது எஞ்சின் அணைந்த பிறகும் அந்தச் சுத்தக் காற்றை ஜன்னல் பக்கம் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் புளோக் பெண்கள் அதன் பின்னால் துணி காயப்போட்டார்கள். நகர மன்றம் அதை எதிர்த்து ஒரு அறிவிப்பு ஒட்டியது. பிறகு பள்ளிச் சீருடைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. வேனுக்குள் இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று கபிலன் ஒருநாள் கணக்குப் போட உட்கார்ந்தான். விசாலாட்சி அவனை அதட்டி எழுப்பிவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டு அசோக், ஈரம் சொட்டும் மாப்பை ஜன்னலுக்கு வெளியே பிழிந்தான். தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த துணிகள் மேல் விழுந்தது. ரெங்கசாமி ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டி, மாப்பில் ஆரம்பித்து, கீழ்வீட்டுக்காரனும் மனுஷன்தான் என்று தொடர்ந்து, அசோக்கின் பொறுப்பின்மை, அவன் பாட்டுப் போடும் சத்தம், லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்தாமல் போகிற குணம் என்று எதையும் விடாமல், நடுவில் மூச்சு வாங்க ஓர் இடத்திலும் நிற்காமல் வைது தீர்த்துக்கொண்டிருந்தார். வைகிற சத்தம் கேட்டு எதிர்வீட்டு உமாமகேஸ்வரி சமாதானம் செய்ய ஓடி வந்தாள். அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்த விசாலாட்சி அவளை உள்ளே விடவில்லை.

"பேசட்டும், விடுங்க," என்றாள்.