இரண்டு வீட்டு நாரத்தை

மாடிப்படியில் நின்று நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, சாரதாமணி அக்கா இரண்டாவது குடத்தையும் நாரத்தையின் தூரில் கவிழ்த்தார். குடத்தில் இருந்தது ஆற்றுத்தண்ணீர். பெருமாநல்லூரில் எங்கள் தெருவுக்கு அது வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த உப்பு மரத்துக்கு ஆகாது என்று அக்கா குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவார். முட்டி வலியால் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் நடப்பார். ஆடி மாதம் வரை ஒரு குடமாக இருந்தது இப்போது இரண்டாகியிருந்தது. மேலே இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

அந்தச் சுவர் எழுந்து இரண்டு வருடம் ஆகிறது. சென்னியப்பன், முருகேஷ் என்று அண்ணன் தம்பி இருவர். ஒன்றாக பவர்டேபிள் மிசின் போட்டு பனியன் தைத்துக்கொண்டிருந்தவர்கள் பிரிந்தபோது வீட்டையும் பிரித்தார்கள். கொல்லையில் குறுக்கே வந்த சுவருக்கு நடுவில் இந்த நாரத்தை நின்றது. வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கொத்தனார் அடிமரத்தின் இரண்டு பக்கமும் சுவரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். பாதித் தூர் மூத்தவர் மனைவி சாரதாமணி வீட்டில், பாதித் தூர் இளையவர் மனைவி கலைமகள் வீட்டில். நாங்கள் குடியிருந்த மாடி அண்ணன் பங்கு. ஏறும் படி தம்பி பங்கு. அதனால் நான் இரண்டு வீட்டுக்கும் பொது. பதினாலு வருடம் ஒரே அடுப்பில் சமைத்த அந்த இரண்டு பெண்களும், சுவருக்குக் கல் வந்து இறங்கிய நாளிலிருந்து பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று எதுவும் இல்லையாம். சுவர் வேண்டாம் என்று கலைமகள் அக்கா சொல்வார் என சாரதாமணி அக்காவும், அவரே சொல்வார் என கலைமகள் அக்காவும் காத்திருந்ததில் சுவர் எழும்பிவிட்டது.

மரத்தை வைத்தது சாரதாமணி அக்கா. கலைமகள் அக்கா முதல் பிள்ளையைச் சுமந்தபோது புளிப்புக்கு ஏங்கினாராம். குன்னத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போன சாரதாமணி அக்கா, காய்களோடு ஒரு கன்றையும் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது கலைமகள் அக்காதான். சொல்லும்போது அவர் அரிசி கழுவிய தண்ணீரைத் தன் பக்கத்துத் தூரில் ஊற்றிக்கொண்டிருந்தார். அது மாலை நேரம், கம்பெனியிலிருந்து நான் திரும்பும் நேரம்.

"அக்காளுக்கு முட்டி தேஞ்சு போச்சு கண்ணு. அவங்க எங்க தண்ணி தூக்கறது? நான் ஊத்துலீன்னா இது காஞ்சே போயிரும்" என்றார்.

காலையில் அந்தப் பக்கம் சாரதாமணி அக்கா வாயில் கேட்டதும் இதேதான். "கலை மதியச் சோத்தையே மறந்துபோட்டு மிசின்ல உக்காந்திருப்பா. அவ எங்க மரத்தப் பாக்கறது?"

எனக்குச் சொந்த ஊர் புளியங்குடிப் பக்கம். எலுமிச்சைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவள் நான். நாரத்தையும் அதே சாதி மரந்தான். வெயில் காலத்தில் இருவரும் ஊற்றியதைத் தரை குடித்துவிட்டது. ஆடியில் காற்றும் சாரலும் வந்த பிறகு மண் காயவே இல்லை. சுண்டைக்காய் அளவிலேயே பிஞ்சுகள் உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து சாரதாமணி அக்கா பக்கம் ஒரு குடம் கூடியது. கலைமகள் அக்கா பக்கமும் வாளி பெரிதானது. அடியில் கிடந்த ஈரத்தை அவரவர் ஊற்றியது என்றே எடுத்துக்கொண்டார்கள். தூரில் பிசின் வடிந்ததைப் பார்த்த அன்று, வேர் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. நாள் முழுக்கத் துணியில் ஓட்டையும் கறையும் தேடி ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். இங்கே மட்டும் கண்ணில் பட்டதைச் சொல்ல முடியவில்லை.

"வாயத் தொறந்துராத ரோஸ்மேரி" என்றார் என் வீட்டுக்காரர். "இந்த ஊர்ல வீடு கெடைக்கவே நமக்கு மூணு மாசம் ஆச்சு." அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கு முன் மாடியில் இருந்தவர்கள் ஒரு பக்கத்துப் பேச்சை மறுபக்கம் கொண்டுபோய்த்தான் காலி செய்ய வேண்டி வந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய்விட்டு நான் படியேறும்போது முருகேஷ் அண்ணன் கொல்லையில் நின்றிருந்தார். "பட்டுப்போச்சு. நாளைக்கு ஆள் வருது. வெட்டிப்போட்டுச் செவுத்த மூடிரலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கலைமகள் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு தூர் பக்கம் நடந்தார். இத்தனைக்கும் பிறகு இன்னும் ஒரு வாளி.

நான் ஏறிய படிகளை இறங்கி வந்தேன்.

"ஊத்தாதீங்கக்கா. தண்ணி இல்லாம இது சாகல. தண்ணி கூடித்தான் சாகுது."

"நான் ஒருத்தி ஊத்தறதா கூடிப்போச்சு?"

"நீங்க ஒருத்தி இல்ல. காலைல அந்தப் பக்கத்து அக்காவும் ஊத்துதாங்க. தெனமும்."

கலைமகள் அக்கா வாளியைக் கீழே வைத்தார். "அக்காளா?"

"ஆமாக்கா. ரெண்டு கொடம்."

"உப்புத்தண்ணியா?"

"இல்ல. ஆத்துத்தண்ணி."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். சுவருக்கு அப்பால் ஒரு குடம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. சாரதாமணி அக்கா அங்கேதான் நின்றிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாடி வீடு கையை விட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணு," என்று அங்கிருந்து குரல் வந்தது. "பொழைக்குமா?"

"மண்ணத் தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்க்கா."

இந்தப் பக்கம் கலைமகள் அக்கா களைக்கொத்தை எடுத்தார். அந்தப் பக்கம் சாரதாமணி அக்கா ஒரு பலகையைப் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தபடி கரண்டியால் தோண்டினார். நான் படியின் நடுவில் நின்றுகொண்டு இருவருக்கும் சொன்னேன். தூரை ஒட்டிய மண்ணை முழுக்க எடுக்க வேண்டும். வேருக்குக் காற்றுப் பட வேண்டும். இனி தண்ணீர் அடிமரத்தில் படக் கூடாது, கிளை நிழல் விழும் இடத்தில் வட்டமாகப் பாத்தி கட்டி அங்கேதான் விட வேண்டும். புளித்த நாற்றத்தோடு கறுப்பு மண் வந்தது.

"வேரு கறுத்துப்போச்சுங்க்கா" என்றார் கலைமகள் அக்கா. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது.

"எம்பக்கந்தானுங்க."

"இங்கயும் கொஞ்சம் கறுத்துத்தான் கெடக்குது. அடில ரெண்டு வெள்ளையா இருக்குது, கலை. நீ இன்னும் உள்ள தோண்டிப் பாரு."

மறுநாள் மரம் வெட்ட வந்த ஆளுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தது கலைமகள் அக்கா. எங்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தூரில் தேங்காமல் வாய்க்கால் வெட்டினோம். கார்த்திகையில் ஒரு பக்கக் கிளைகள் முழுக்கக் காய்ந்து போயின, அவற்றை அறுத்தோம். மார்கழியில் ஒரு சொட்டுக்கூட விட வேண்டாம், மரம் கொஞ்சம் வாடினால்தான் பூக்கும் என்று சொன்னேன். அந்த ஒரு மாதம் இரண்டு பேரும் பட்ட பாடு சொல்லி முடியாது. சாரதாமணி அக்கா, "இலை சுருண்டு கெடக்குது, ஒரு சொம்பாவது ஊத்தட்டுமா" என்று தினமும் கேட்டார். தையில் மீதிக் கிளைகளில் பூ வந்தது. அண்ணனும் தம்பியும் இன்னும் பேசுவதில்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் வண்டியை வேகமாக ஓட்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் மனைவிகளும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

இது பங்குனி. நான்கு நாளைக்கு ஒருமுறை, மாற்றி மாற்றி, ஒரு குடம் என்று கணக்கு. ஆனால் வெறும் நாளை எண்ணி ஊற்றக் கூடாது, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். நேற்று வேலை முடிந்து படியேறுகையில் கீழே பார்த்தேன். கலைமகள் அக்கா இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு, தூருக்கும் சுவருக்கும் இடையில் கையை முழங்கை வரை நுழைத்து, அந்தப் பக்கத்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ஈரம் இருக்குதுங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று வந்து அதே மண்ணில் விரலை ஊன்றியது.

"இருக்குதாட்ட இருக்குது. இரு, பாக்கறேன்."

நான் மாடிக்குப் போய்த் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளும் மண்ணுக்குள் அப்படியே இருந்தன.