தாராளம்

வீரையனைப் பாடையில் வைத்தாகிவிட்டது. முருகையன் மட்டும் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். பைக்குள் மடித்த செங்கொடி. கட்சித் தோழர் யார் செத்தாலும் அதைப் போர்த்துவது கிளைச் செயலாளரான அவர் பொறுப்பு. ஆனால் வீரையன் தோழராகச் சாகவில்லை. போன வருஷமே நீக்கியாகிவிட்டது. நீக்கத் தீர்மானம் கொண்டுவந்ததும் முருகையன்தான்.

குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்று வீரையனின் மனைவி தங்கம்மாளுக்கு ஆசை. ஆயுசெல்லாம் சாமி இல்லையென்று மேடையில் முழங்கிய மனுஷன், பெண்டாட்டிக்காக மாலையும் கழுத்துமாகக் குருக்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டார். படம் வாட்ஸப்பில் ஊரைச் சுற்றியது. முருகையன் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். சின்ன வயதிலிருந்து ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள். ஆனால் கட்சி வகுப்பில் அவர் நடத்தும் பாடமே அதுதான்: சிநேகிதன் என்று பார்த்துத் தவறை மூடி மறைப்பதற்குப் பெயர் தாராளவாதம். அது கட்சியை உள்ளேயிருந்து அரித்துவிடும்.

"தாராளமா இருக்கறது தப்பா தோழர்?" என்று பின்னாலிருந்து வீரையன் கேட்பார். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது முருகையனுக்கு அழுகை முட்டியது.

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்தது வீரையனின் கை. "சரியாத்தான்யா செய்யிற," என்றார். அதன்பிறகு அவரை டீக்கடையில் பார்த்தாலே முருகையன் எழுந்து போய்விடுவார். வெட்கம்.

கிளையில் புதிதாகச் சேர்ந்த சுடர்விழி பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "கொடி போத்தலாமா தோழர்? இல்ல, அதுவும் தாராளவாதமா?"

அவள் கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முருகையனுக்குப் பதில் தெரியும். அதுவும் தாராளவாதம்தான். கக்கத்திலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தோள் குடுக்க வாங்கய்யா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். பையை விடாமல் போய்ப் பாடையின் முன்பக்கம் குனிந்தார். தங்கம்மாள் கை நீட்டினாள்.

"பையக் குடுங்கண்ணே. தூக்க எடஞ்சலா இருக்கும்."

வாங்கியவளின் விரல்கள் உள்ளே இருந்த துணியைத் தடவி, அப்படியே நின்றன. அவர் முகத்தைப் பார்த்தாள்.

பாடை தூக்கினவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். முருகையனுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆற்றங்கரைப் பக்கம் திரும்பும்போது பார்த்தார். தெருமுனையில் தங்கம்மாள், பையைப் பிரிக்காமல், இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.