மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்கு

குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மறுநாள் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு நீண்டுவிட்டது. எல்லோருக்கும் அல்ல, மூன்றாம் மாடியில் குடியிருந்த டிரைவரம்மாவுக்கு மட்டும். குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு எட்டில் திரும்பிவிடலாம் என்று காலையில் இறங்கியவள், திருப்பத்துக்கு மேல் திருப்பமாகத் தாண்டிக்கொண்டே போனாள். தெரு வரவில்லை. தையல் போட்ட இடம் இழுக்கவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கைப்பிடி சுற்றிச் சுற்றிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலே குழந்தை அழுதது. திரும்பி ஏறினால் ஒரே ஒரு திருப்பம்தான், வீட்டு வாசல் வந்துவிட்டது. சரியாகத் தூங்கி எவ்வளவோ நாளாகிறது, கணக்குத் தப்பியிருக்கும் என்று நினைத்துக் குப்பைப் பையைக் கதவோரம் வைத்தாள். மறுநாளும் அது அங்கேயேதான் இருந்தது.

அவள் மலையூருக்குப் போகும் நெடுந்தூரப் பஸ்ஸை ஓட்டுகிறவள். ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று பல வருஷம் ஓட்டிய பிறகு, பேசியும் சண்டை போட்டும் வாங்கிய ரூட் அது. பிரசவ விடுப்பு முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனால் அந்த டிப்போவில் ஒரு வழக்கம். விடுப்பில் இருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் நேரில் வந்து முகத்தைக் காட்டி, என் ரூட் எனக்கே வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். போனில் சொன்னால் செல்லாது. அடுத்து நிற்பவர் இப்போதே அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்ற மாதிரி தள்ளி வைத்துவிட்டதாகக் கண்டக்டர் போன் பண்ணிச் சொன்னார்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். "படி எங்கயும் போகலை, நீ கொஞ்ச நேரம் படு" என்றார். அவள் விடவில்லை. பார்க்க வந்திருந்த அவருடைய அக்காவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஏதோ பேசியபடியே தெருவில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தால், கையில் அவள் வளையல் மட்டும் இருந்தது. "எங்க இருக்க?" என்று மேலே பார்த்துக் கத்தினார். "இறங்கிட்டுதான் இருக்கேன், உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. அவர் ஏறிப் போய் வளையலைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் சொன்னதை நம்பினார். நம்பி என்ன, வேலைக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிப் போனார்.

"இது எல்லாருக்கும் வர்றதுதாம்மா, போகப் போகச் சரியாயிடும்" என்று அக்காக்காரி சொல்லிவிட்டுத் தடதடவென்று படியிறங்கிப் போனாள். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரர் அளக்கும் டேப்போடு வந்தார். ஒரு முனையை அவர் தெருவில் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவள் மேலிருந்து இறங்கினாள். டேப் தீர்ந்ததுதான் மிச்சம். கூடுதல் படிகளுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பது என்ற கவலையோடு அவர் போய்விட்டார். வெளிச்சுவருக்கு வண்ணம் பூச வந்திருந்த பெயிண்டர் இரக்கப்பட்டுத் தன் கயிற்றுப் பலகையில் அவளையும் உட்கார வைத்து இறக்கிப் பார்த்தார். அவர் தரையில் இறங்கி பீடி பற்ற வைத்துவிட்டார். அவளுக்கோ அதே சுவர், அதே ஈரக்கறை, திரும்பத் திரும்பக் கண்ணெதிரே மேலே போய்க்கொண்டிருந்தது. பால்கனிக்கே இழுத்து விட்டார்கள்.

ஆகவே அவள் இரண்டு அறைக்குள் இருந்தாள். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால், இப்போது இதுதான் ரூட். வீட்டுக்காரர் குழந்தைக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தார். பொருத்தமான பெயர்தான். முதலாளி பால் குடித்தபடியே கண் அசருவாள். படுக்கையில் கிடத்தினால் முள் குத்தியது போல விழித்துக்கொள்வாள். அதனால் டிரைவரம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், எதிரே ஆறிப்போகும் டீயைப் பார்த்துக்கொண்டு, பாத்ரூம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாசம் இல்லாமல் இல்லை. அரிசி போல இருக்கும் அந்த நகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு முத்தமிடுவாள். அதே நிமிஷம், என்னைக் கொஞ்சம் விட்டுடேன் தாயே என்று கெஞ்சத் தோன்றும். ஜன்னல் வழியே தெருவில் பஸ் போகும் சத்தம் கேட்டால், டிரைவர் எந்த இடத்தில் கியர் மாற்றுகிறார், எங்கே தப்பாக மாற்றுகிறார் என்று கால் தானாகவே தரையை அழுத்தும். மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

கணவர் கெட்டவர் இல்லை. துணி துவைத்தார், சமைத்தார், கடைக்குப் போனார். ஆனால் குழந்தை வாயைத் திறந்தால் போதும், முகவரி மாறி வந்த பார்சல் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்து, "பசி போல" என்பார். இப்போதுதான் குடித்து முடித்திருந்தாலும் பசி போல. டயப்பர் நனைந்து கனத்துத் தொங்கினாலும் பசி போல. ஒருநாள் அவர் பால் வாங்கக் கிளம்பும்போது அவள் நிறுத்திக் கேட்டாள்.

"கதவைச் சாத்தினதும் உங்களுக்குப் பாப்பா அழற சத்தம் கேக்குதா?"

"கதவைச் சாத்தினா எப்படிக் கேக்கும்?"

"எனக்குக் கேக்குது. அவ தூங்கினாலும் கேக்குது. எவ்வளவு இறங்கினாலும் காதுகிட்டயே கேக்குது."

"நீ அம்மால்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு விசிலடித்தபடி இறங்கிப் போனதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். மூன்று மாடியையும் அவர் ஒரு பாட்டுக்குள் இறங்கிவிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் அவருடைய கடைக்கு விடுமுறை. காலையில் அவள் பாலைப் பீய்ச்சி பாட்டில்களில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாள். நெஞ்சுக்கு நேரே பொத்தான் போட முடியாத காக்கிச் சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டாள். "எவ்வளவு நேரமாகும்னு தெரியாது. நீங்க கூப்பிட்டாலும் ஏறி வர மாட்டேன்" என்றாள். "அழுதா?" என்று அவர் கேட்டார். "அழுவா" என்றாள்.

நெடுந்தூர வண்டியை ஓட்டுகிற மாதிரியே இறங்கினாள். அவசரப்படாமல், அடுத்த திருப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. வெகுதூரம் போன பிறகு, இப்போது கடையில் கிடைக்காத மாடல் பால் பாட்டில் மூடி ஒன்று படியோரம் கிடந்தது. இன்னும் கீழே சுவரில் யாரோ சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க்கறை படிந்திருந்தது. தனக்கு முன்னால் இந்த வழியில் ஆள் போயிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்போதுதான் மேலிருந்து அழுகை வந்தது. பால் சுரந்து துண்டு நனைந்துவிட்டது. கூடவே அவர் குரல்: "பசி போல!"

"பாட்டில் இருக்கு!"

"குடிச்சுட்டா! இன்னும் அழறா! என்னன்னு சொல்லேன்!"

அது தூக்கத்துக்கான அழுகை. கடைசியில் ஒரு இழுப்பு வரும், அதை வைத்தே சொல்லிவிடலாம். ஒரே ஒரு திருப்பம் ஏறினால் வீடு. குழந்தையைத் தோளில் போட்டு முதுகை இரண்டு தட்டு தட்டினால் முடிந்துவிடும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது!" என்று கத்திவிட்டு அடுத்த படியில் காலை வைத்தாள். ஒரு பொய்க்காக அவள் அவ்வளவு அழுதது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குழந்தையை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று அவர் தூக்கிக்கொண்டு இறங்கி வரும் காலடி கேட்டது. கொஞ்ச தூரம் வந்தது, தயங்கியது, திரும்பிப் போனது. பிறகு ஒவ்வொன்றாக அவர் முயற்சி பண்ணுவது கேட்டது. டயப்பர் பிரிக்கும் சத்தம், குழாய்ச் சத்தம், ஏதோ தட்டைத் தட்டும் சத்தம், "அழாத ராஜாத்தி, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியலை" என்ற கெஞ்சல். அப்புறம் சுருதியே இல்லாத ஒரு முணுமுணுப்பு, முதுகில் தட்டும் ஓசை. அழுகையின் கடைசியில் அந்த இழுப்பு வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு முதல் தடவையாக அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டது. அவள் ஒரு திருப்பம் திரும்பினாள். வெயிலில் கண் கூசியது. எதிரே தெரு.

சைக்கிள் போனது, ஒரு நாய் அவளைப் பார்த்துவிட்டு வேறு வேலை இருப்பது போலப் போய்விட்டது. டிரைவரம்மா நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த நிமிஷம், காதில் ஒன்றும் கேட்கவில்லையே என்று அண்ணாந்து மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். அந்தக் கவலையோடேயே டிப்போவுக்கு ஓடினாள். மேலாளர் மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"படியில சார்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார், நனைந்த துண்டையும் பார்த்தார். "எங்களுது கீழ் வீடுதான். ஒரு படிதான் இருக்கு. அதை இறங்க என் வீட்டுக்காரிக்கு ஒரு வருஷம் ஆச்சு. நான் என்னமோ அவ சும்மா சொல்றான்னு நினைச்சேன்" என்றார். ரூட் அவளுக்கே என்று ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைக்கவும் சொன்னார்.

வீடு திரும்பியபோது கணவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். மார்பில் குழந்தை, எதிரே ஆறிப்போன டீ. "கதவை மெதுவாச் சாத்து" என்று உதட்டை மட்டும் அசைத்தார். குழந்தையை அவள் கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு டயப்பர் வாங்கப் போனவர், இருட்டும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"தெரு வரலை" என்றார்.

"சத்தம் கேட்டுச்சா?"

"காதுகிட்டயே."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. சூடாக டீ போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

படிக்கட்டு பழையபடி ஆகவில்லை. ஒருவருக்குக் குறைந்தால் இன்னொருவருக்கு நீண்டது. அவள் மலையூர் போகும் நாட்களில் அவருக்கு நீண்டது. கண்ணாடிக் கடை முதலாளி லென்ஸ்களைக் கூடையில் கட்டி பால்கனிக்கு அனுப்பினார். அவர் கடைக்குப் போகும் நாட்களில் அவளுக்கு நீண்டது, ஆனால் முன்பு போல முழு நீளத்துக்கு இல்லை, உட்கார்ந்து எழுந்தால் இறங்கிவிடும் தூரம்தான். குழந்தைக்குப் பல் முளைத்தது, ஜுரம் வந்தது, நடக்க ஆரம்பித்தது. படி கூடியும் குறைந்தும் கிடந்தது. பால் விலை ஏறியதைப் பற்றிப் பேசிய அளவுகூடக் கட்டடத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வருஷங்கள் கழித்து இரண்டாம் மாடி காலியானபோது ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வயிறு நன்றாக இறங்கியிருந்தது. டிரைவரம்மா காக்கிச் சட்டையோடு வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: தண்ணீர் காலையில் மட்டும் வரும், ஆணி அடிக்கக் கூடாது, குழந்தை பிறந்ததும் படி கொஞ்ச காலம் நீளும், அதற்காக வாடகையில் குறைக்க மாட்டேன்.

"எனக்குமா சார் நீளும்?" என்று அந்தப் பையன் பயந்துபோய்க் கேட்டான்.

"உனக்கு நீளலைன்னாதான் தம்பி பிரச்சினை" என்று வீட்டுக்காரரை முந்திக்கொண்டு டிரைவரம்மா பதில் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இறங்கிப் போனாள். வீட்டுக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.