திருப்பிக் கேட்ட நாற்காலி

வேலாயுதம் துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் காகிதத்தில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பெட்டி கொஞ்சம் கனமாகத் தோன்றினாலோ, ஆணி மட்டும் புதிதாகப் பளபளத்தாலோ, அவர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிடுவார். ஒருமுறை பினாங்கிலிருந்து வந்த மேசையின் காலைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று சுங்க அதிகாரிகளை வரவழைத்தார். காலைக் குடைந்து உள்ளே அபின் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து கிடங்கில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு மரியாதை. அவருக்குத் தன் சந்தேகத்தின்மேல் ஒரு மரியாதை.

1968இல், பிரிட்டிஷ் படை கிளம்பப் போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருடம், அவருக்குப் புக்கிட் மேராவில் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. அதுவரை அவரும் மனைவி ரத்தினம்மாவும் பஃபலோ ரோட்டில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார்கள். யாராவது வந்தால் கட்டிலில் உட்காரச் சொல்வார்கள். புது வீட்டில் கூடம் என்று ஒன்று இருந்தது. அது காலியாக இருந்ததால் இருமினால்கூட எதிரொலித்தது.

பிளாஸ்டிக் கயிறு பின்னிய இரும்பு நாற்காலிகள் வாங்கலாம் என்றார் வேலாயுதம். அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான். ரத்தினம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தங்ளின் பங்களாக்களுக்குப் போய் வெள்ளைக்காரப் பெண்களுக்கு அளவெடுத்து உடுப்புத் தைத்துக் கொடுப்பவள். அந்த வீடுகளின் தேக்கு நாற்காலிகளில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஊசி பிடித்திருக்கிறாள். எது முதுகைத் தாங்கும், எது இரண்டே வருடத்தில் ஆட ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறுகின்றன, சாமான்கள் பழைய கடைகளுக்கு வருகின்றன, இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்றாள்.

முதலில் சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போனார்கள். அங்கே அவர் எதையும் அவளைத் தொடவிடவில்லை. நேற்று யார் வீட்டிலோ காணாமல் போனதுதான் இன்றைக்கு இங்கே விற்பனைக்கு வருகிறது என்பது அவர் எண்ணம். கடைசியில் டன்லப் ஸ்திரீட்டில் நெய்னா முகம்மதின் கடைக்குள் நுழைந்தார்கள். நெய்னா முகம்மது அறுபதை நெருங்கியவர். முப்பது வருடமாகப் பழைய தட்டுமுட்டுச் சாமான் விற்பவர். கடைக்குப் பின்னால் அவருடைய மச்சான் அப்துல் அஜீஸ் உளியும் கையுமாக உட்கார்ந்து உடைந்தவற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ரத்தினம்மா ஒன்பது நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தாள். சிலவற்றில் அவள் கால் தரையில் படவில்லை. ஒன்று பார்க்க ராஜா வீட்டு நாற்காலி மாதிரி இருந்தது, ஆனால் செதுக்கிய பூ முதுகில் குத்தியது. பிறகு ஒரே மாதிரி நான்கு நாற்காலிகளிடம் வந்து நின்றாள். சந்தன நிறத்துக்கு வெளுத்த தேக்கு, நுனியில் சங்குபோலச் சுருண்ட கைகள், கருஞ்சிவப்புத் தோல் போர்த்திய மெத்தை. ஒன்றில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, "இதுங்க" என்றாள்.

வேலாயுதம் சட்டைப்பையிலிருந்து டார்ச் விளக்கை எடுத்து நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். பூச்சி அரித்த ஓட்டைகளில் தீக்குச்சியை விட்டுப் பார்த்தார். யார் வீட்டுச் சாமான் என்று கேட்டார். அலெக்சாண்ட்ரா பக்கம் ஒரு ராணுவ அதிகாரி விற்றுவிட்டுப் போனது, அவருக்கு முன்னால் யாரிடம் இருந்ததோ தெரியாது, எண்பது வயதாவது இருக்கும் என்றார் நெய்னா முகம்மது. பிறகு அவரும் சில கேள்விகள் கேட்டார். வீடு எங்கே, எத்தனாவது மாடி, மதிய வெயில் கூடத்தில் விழுமா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள். விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வேலாயுதத்துக்குத் தோன்றியது. "நாலும் பழைய தேக்கு, ஒரே செட்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். நெய்னா முகம்மது ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

நாற்காலிகள் வந்து கூடம் நிறைந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், வேலாயுதம் துறைமுகத்தில் இருந்த நேரத்தில், நெய்னா முகம்மது தனியாக வந்து கதவைத் தட்டினார். வாசலில் நின்றபடியே நாற்காலிகளை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். உள்ளே வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். வலது கையில் சின்ன வடு இருந்த நாற்காலியை மட்டும் தனியே நகர்த்தி வைத்து, இதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு இதைவிட நல்லதாக வேறொன்று தருகிறேன் என்றார். வீட்டுக்காரர் வரட்டும் என்று ரத்தினம்மா சொல்லி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் வேலாயுதம் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் இல்லாத நேரமாப் பாத்துத்தானே வந்திருக்கான். பகல்ல யார் இருப்பாங்கன்னு அன்னைக்கே கேட்டான் பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை நெய்னா முகம்மது மறுபடி வந்தார். இந்த முறை காரணத்தையும் சொன்னார். அந்த அதிகாரி வீட்டிலிருந்து வந்தவற்றில் மூன்றுதான் உருப்படியாக இருந்தன. நான்காவதைச் செல் அரித்துவிட்டது. சரிசெய்யக் கொடுத்தபோது, மச்சான் அதைச் சொல்லாமல், ஒரு பழைய கதவின் பலகையை அறுத்துப் புதிதாக ஒன்று செய்து, பழைய தோலையே மேலே போர்த்திவிட்டார். போன வாரம் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, மச்சான் கடையை விட்டு ஜொகூருக்குக் கிளம்பும்போதுதான், உன் கண்ணுக்கே தெரியவில்லை பார் என்று குத்திக்காட்டிவிட்டுப் போனாராம்.

"கைப்பட எழுதிக் கொடுத்திருக்கேன் தம்பி" என்றார் நெய்னா முகம்மது. "அது பொய்யாப் போச்சு. எனக்குத் தூக்கம் வரல."

வேலாயுதம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தார். கதவைச் சாத்தியதும் ரத்தினம்மாவிடம் திரும்பினார்.

"ஏமாத்திட்டேன்னு வீடு தேடி வந்து சொல்ற வியாபாரியை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

ரத்தினம்மா பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மனிதரின் முகத்தில் பொய் தெரியவில்லை என்றாள். அபின் வைத்த மேசையை அனுப்பியவன் முகத்திலும் தெரிந்திருக்காது என்றார் அவர். அந்த வாரம் முழுக்க அவர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. எதிரே இன்னொன்றில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிப் பார்த்தார். மெத்தையில் காதை வைத்து அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ சரசரத்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ரத்தினம்மா தங்ளினுக்குத் தைத்த உடுப்பைக் கொடுக்கப் போயிருந்தாள். வேலாயுதம் குறடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு ஆணியை மட்டும் தளர்த்திப் பார்ப்பது, பிறகு அடித்துவிடுவது என்பதுதான் அவர் எண்ணம். நான்கு பன்னிரண்டானது. தோலைத் தூக்கினால் தேங்காய் நார். நாருக்கு மேலே ஒரு தமிழ்ப் பத்திரிகை மடித்து விரித்திருந்தது. சரசரத்தது அதுதான். போன வருடத்துத் தேதி.

அதோடு எழுந்திருக்கலாம். நாற்காலி புதிதாகச் செய்ததுதான் என்பதற்கு அந்தத் தேதியே போதும். ஆனால் வேலாயுதம் பத்திரிகையை மடியில் விரித்து, ஏதாவது எழுத்தின் கீழே கோடு போட்டிருக்கிறதா என்று நான்கு பக்கத்தையும் படித்தார். அரிசி விலை, ஒரு கல்யாண அறிவிப்பு, கப்பல் வருகிற நேரம். நாரை முழுக்க வெளியே எடுத்து விரலால் அலசினார். ஒன்றுமில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. நான் இதைத் திறந்து பார்ப்பேன் என்று அவனுக்குத் தெரியும். இதில் ஒன்றுமில்லை என்று கண்டதும் மற்ற மூன்றையும் விட்டுவிடுவேன் என்றும் தெரியும். அதனால்தான் இதைக் காட்டியிருக்கிறான்.

மற்ற மூன்றில் ஆணிகள் பல வருடத் துருவில் இறுகியிருந்தன. ஆணியைப் பிடுங்கும்போது தோல் அப்பளம்போல் உடைந்தது. அதனால் கத்தியை எடுத்தார். உள்ளே கன்னங்கரேலென்று குதிரை மயிர், அதன் கீழே சணல் பட்டை. ஒன்று முடிந்து அடுத்தது, அடுத்தது என்று கிழித்தார். கடைசி நாற்காலியின் மூலையில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டதும் அவசரமாக வெளியே இழுத்தார். துருப்பிடித்த கொண்டை ஊசி.

ரத்தினம்மா வந்து கதவைத் திறந்தபோது, நான்கு நாற்காலிகளும் குடல் சரிந்து கிடந்தன. நடுவில் வேலாயுதம் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மயிர். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அந்த பாய் சொன்னது நிஜம்தான்" என்றார் அவர், பத்திரிகையைக் காட்டி.

"அதை மட்டும் பிரிச்சாலே தெரிஞ்சிருக்குமே" என்றாள். துடைப்பத்தை எடுத்துவந்து கூட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, சொல்லி வைத்தாற்போல் நெய்னா முகம்மது வந்தார். பதில் வரும்வரை காத்திருக்க முடியாமல், எங்கெங்கோ தேடி அதே வேலைப்பாடுள்ள பழைய நாற்காலி ஒன்றைக் கண்டுபிடித்து, தலையில் வைத்து மூன்று மாடி ஏறி வந்திருந்தார். அதை வாசலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் கூடத்தைப் பார்த்தார். மேல்மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

மெத்தை இறங்கிவிட்டது, பிரித்துத் தைக்கலாம் என்று பார்த்தோம் என்றார் வேலாயுதம்.

"நாலையுமா?"

நெய்னா முகம்மது குனிந்து கிழிந்த தோலின் ஓரத்தைத் தடவினார். தைப்பதற்குப் பிரிக்கிறவர்கள் கத்தியால் இப்படிக் குறுக்கே கிழிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"உள்ள ஏதாச்சும் கிடைச்சுதா தம்பி?"

"ஒண்ணுமில்ல பாய்."

"ஒரு கொண்டை ஊசி கிடைச்சுது" என்றாள் ரத்தினம்மா, சமையலறை வாசலிலிருந்து. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் சொன்னாள்.

நெய்னா முகம்மது அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். வேலாயுதம் அவசரமாகப் போய் ஊசியை எடுத்துவந்து கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் துருவைச் சுரண்டி, இரும்புதான் என்று கண்டு திருப்பிக் கொடுத்தார்.

"இது மட்டும்தானா?"

"சத்தியமா இது மட்டும்தான்."

"சரி. நான் ஒண்ணும் கேக்கல லா. வித்த சாமான் உங்களோடது."

மாற்றாகக் கொண்டுவந்த நாற்காலி வேண்டாம், தான் செய்த தப்புக்கு இந்த நாலும் இங்கேயே இருக்கட்டும் என்றார் வேலாயுதம். மனதார மன்னிப்புக் கேட்பதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு நெய்னா முகம்மதின் கண் இன்னும் சுருங்கியது. வாங்கும்போது தீக்குச்சி விட்டுப் பார்த்த மனிதர், இப்போது நல்ல நாற்காலியை வேண்டாம் என்கிறார். அவர் வடு விழுந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கொண்டுவந்ததை விட்டுவிட்டு, மெதுவாகப் படியிறங்கினார். வீட்டுவாசலை ஒட்டிய மாடி நடைபாதையின் கைப்பிடிச் சுவரருகே நின்று வேலாயுதம் பார்த்தார். கீழே போனவர் நாற்காலியைத் தரையில் வைத்து, மிச்சமிருந்த தோலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிவிட்டுத்தான் நடந்தார்.

வேலாயுதம் உள்ளே வந்து உட்கார இடமில்லாமல் நின்றார். நிஜத்தைச் சொல்லி, எதிரில் நிற்பவர் நம்பாமல் போவது அவருக்குப் பழக்கமில்லாதது. எப்போதும் அவர் அந்தப் பக்கம் நின்றவர்.

"என்னங்க" என்றாள் ரத்தினம்மா. தயங்கினாள். "நிஜமாவே வேற ஒண்ணும் இல்லையா?"

அவர் முதலிலிருந்து சொன்னார். எந்த நாற்காலியில் எது இருந்தது, எந்த மூலையில் ஊசி கிடைத்தது, பத்திரிகையில் என்ன படித்தார் என்று ஒன்று விடாமல். சரக்குக் கணக்குச் சொல்வதுபோல விவரமாகச் சொல்லச் சொல்ல, அவருக்கே அது ஜோடித்த கதைபோலக் கேட்டது. அவள் "நான் நம்புறேன்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இனி கேட்க ஒன்றும் இல்லை.

குதிரை மயிரை அலசி நடைபாதையில் பாய் போட்டு இரண்டு நாள் காயவைத்தாள். பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தங்ளினில் ஒரு பெண் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன தடித்த பச்சைத் திரைச்சீலையை வெட்டி மூன்றுக்கும் புது உறை தைத்தாள். ஆணி அடித்தது வேலாயுதம். நெய்னா முகம்மது விட்டுப்போன நான்காவது மட்டும் கருஞ்சிவப்பாக இருந்தது. வருகிறவர்கள் அதில்தான் முதலில் உட்கார்ந்தார்கள்.

ஐந்தாறு மாதம் தேக்கா மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம் அவர் டன்லப் ஸ்திரீட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார். ஒருநாள் ரத்தினம்மாவோடு போனபோது எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டார்கள். நெய்னா முகம்மது நலம் விசாரித்தார், நாற்காலிகளை விசாரித்தார். ரத்தினம்மாவின் கையிலிருந்த பையில் ஒரு புது இஸ்திரிப் பெட்டி இருந்தது. அவர் பார்வை அதில் இறங்கி ஏறியதை மூவருமே கவனித்தார்கள்.

அடுத்த சம்பளத்தன்று வேலாயுதம் தனியாக அந்தக் கடைக்குப் போனார். கூடத்துக்கு ஒரு சின்ன மேசை வேண்டும் என்றார். உண்மையில் மேசை தேவைப்படவில்லை. இரண்டு இழுப்பறை வைத்த ஒன்றை நெய்னா முகம்மது காட்டினார். டார்ச் விளக்கை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எதையும் தொட்டுப் பார்க்காமல், "இதையே எடுத்துக்கறேன் பாய், ஒண்ணும் எழுதித் தர வேணாம்" என்றார்.

நெய்னா முகம்மது மேசையைத் தூக்கிக் கடைவாசலில் வெயிலுக்குக் கொண்டுவந்தார். இரண்டு இழுப்பறைகளையும் உருவித் தரையில் கவிழ்த்தார். மேசையைத் தலைகீழாக வைத்து, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக விரல் மடக்கித் தட்டினார்.

"இப்பவே நல்லாப் பாத்துக்குங்க தம்பி. என் கண்ணு முன்னால பாத்துக்குங்க."

வேலாயுதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினார். தட்டின சத்தத்தைக் கேட்டார். பிறகு, அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையை விட்டுப் பார்த்தார்.